பிரியஸ் சி முன் காலிப்பர்: ஹாஃப்கட்டா, சீல் கிட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் தோட்டத்து மண் ரோடும் மழையும் எந்தக் காரின் பிரேக்கையும் சீக்கிரம் தின்றுவிடும். டொயோட்டா பிரியஸ் சி மாதிரி, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட்டில், பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பருக்கு இன்னும் மோசம். வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைப்பதால் காலிப்பருக்கு வேலை குறைவு. அசையாமல் கிடந்தே, காலிப்பர் நகர உதவும் சிலைடு பின் காய்ந்து, பேடைத் தள்ளும் பிஸ்டன் துருவேறி இறுகிவிடும்.

புதுக் காலிப்பருக்குக் காசு இருந்தால் பேச்சே இல்லை. இல்லாதவர்களுக்கு ஹாஃப்கட் (வெட்டி இறக்குமதியான பழைய காரிலிருந்து கழற்றிய காலிப்பர்), சீல் கிட் (இருக்கும் காலிப்பருக்கே ரப்பர் சீலைப் புதிதாக மாற்றுவது) என்று இரண்டு வழி. நான் சீல் கிட் பக்கம்.

ஹாஃப்கட் மலிவு, வாங்கியதும் மாட்டலாம். ஆனால் உள்ளே சீல் எந்த நிலையில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. இடது, வலது பார்த்து வாங்குங்கள். மாற்றி மாட்டினால் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும், எவ்வளவு மிதித்தாலும் பெடல் இறுகாது.

சீல் கிட் போடும்போது பிஸ்டனையும் புதிதாகப் போடுங்கள். சதுர சீல் காலிப்பரின் உள்சுவர்க் காடியில் (பள்ளத்தில்) உட்கார்ந்து பிஸ்டனைத்தான் பிடிக்கிறது. பிஸ்டனில் நகம் தட்டும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் கசியும். உள்சுவரில் லேசான கறை பாதகமில்லை. காடியே அரித்திருந்தால் அந்தக் காலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். பெட்ரோலில் கழுவினாலோ சாதாரண கிரீஸ் பூசினாலோ ரப்பர் ஊதிவிடும். சீலுக்குப் புது பிரேக் ஆயில், பின்னுக்கு சிலிகான் கிரீஸ்.

என்னைச் சீல் கிட் பக்கம் தள்ளுவது பிளீடிங்தான், அதாவது பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றை எடுக்கும் வேலை. பிரியஸ் சி-யில் டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் ஓட ஆரம்பிக்கும். காலிப்பரில் கை இருந்தால் விரல் நசுங்கும். காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் அதை முடக்க வேண்டும். அல்லது பவரை நிறுத்தி, பெடலையும் கதவையும் தொடாமல் 2 நிமிடம் விட்டு, 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். பிரேக் ஹோஸ் கழன்றதும் அதன் முனையை உடனே அடைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கி பம்ப்புக்குள் காற்று போய்விட்டால், ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது பெரும்பாடு. ஹோஸ் வாஷர் புதிது, பிரேக் ஆயில் டாட் 3 வகை, அன்றைக்குத் திறந்த டப்பா.

ஸ்கேனர் வைத்திருக்கும் ஹைபிரிட் ஃபோர்மேனை (மெக்கானிக்கை) தேடி ஈப்போ வரை போக வேண்டியிருக்கலாம். ஹாஃப்கட் கசிந்தால் அந்தக் கூலியும் அலைச்சலும் இன்னொரு முறை. மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

பிரியஸ் சி-க்குப் பின்னால் காலிப்பர் இல்லாத டிரம் பிரேக் என்பதால் இந்தக் கணக்கு முன் சக்கரத்துக்கு மட்டும். பழைய ஹோண்டா இன்சைட் ஹைபிரிட்டில், எஞ்சின் உறிஞ்சலால் பெடலுக்குப் பலம் சேர்க்கும் வழக்கமான வேக்குவம் பூஸ்டர்தான். ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க, வீட்டு வாசலிலேயே காற்று எடுத்துவிடலாம். அந்தக் காருக்கு ஹாஃப்கட் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை.