விளையாட்டுத் தானியங்கி: சந்தாத் தளமா, திறமூலமா, சொந்த ஸ்கிரிப்டா?

இணைய விளையாட்டில் மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, அரக்கர்களை அடித்துப் பொருள் சேர்ப்பது போன்ற முடிவில்லாத வேலைகளைக் கணினியிடம் ஒப்படைக்க நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மாதச் சந்தா வாங்கும் தானியங்கித் தளம் ஒன்று. மூலநிரல் அனைவர் பார்வைக்கும் திறந்திருக்கும் இலவச மென்பொருள் இன்னொன்று. ஆட்டோஹாட்கீ போன்ற கருவியில் நாமே எழுதிக்கொள்ளும் ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், மூன்றாவது. கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த விளையாட்டாளர்களில் பெரும்பாலோர் முதல் வழிக்கே போகிறார்கள். பணம் கட்டினால் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்பதை வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன். ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனமும் ரக்னராக் ஆன்லைன் விளையாட்டை உருவாக்கிய கிராவிட்டி நிறுவனமும் தானியங்கிகளை ஏற்பதில்லை. விளையாட்டுக் கணக்கு முடக்கப்படும் அபாயம் எந்த வழியில் போனாலும் உண்டு. ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வசதியைப் பொறுத்தவரை சந்தாத் தளங்களுக்கு நிகரில்லை. அவை விளையாட்டு மென்பொருளின் உள்ளே நுழைந்து, எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது, பை நிறைந்துவிட்டதா என்பதையெல்லாம் நேரடியாகப் படித்துக்கொள்கின்றன. ஆனால் இந்தப் பலத்திலேயே பலவீனமும் இருக்கிறது. ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவமான ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் வழக்கமாகப் புதன்கிழமைகளில் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் விளையாட்டு நிரலின் உட்பெயர்கள் மாற்றிக் குழப்பப்படுவதால், தானியங்கியை உருவாக்கியவர்கள் அவற்றை மீண்டும் அடையாளம் கண்டு பொருத்தும் வரை எதுவும் ஓடாது. ஜாகெக்ஸ் இருக்கும் பிரிட்டனில் பகலில் புதுப்பிப்பு வரும் நேரம் நமக்கு மாலை; வேலை முடிந்து வந்து கணினி முன் உட்காரும் நேரம். ஒழுங்காக நடத்தப்படும் தளம் என்றால் "இன்று நிறுத்தம், சரிசெய்து கொண்டிருக்கிறோம்" என்று ஓர் அறிவிப்பாவது இருக்கும்.

நான் சந்தா கட்டியிருந்த தளத்தில் அந்த அறிவிப்புகூட இல்லை. தானியங்கி நின்றுபோன நாள்களிலும் சந்தாக் காலம் கழிந்துகொண்டே இருந்தது. ஈடாக நாள்களைக் கூட்டித் தருமாறு எழுதினால், பதில் இல்லாமலேயே கோரிக்கை மூடப்பட்டது. தளத்துக்கு ஒரு கட்டணம், அதன்மேல் அதில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கான ஸ்கிரிப்டுக்கும் தனிக் கட்டணம் என்று இரண்டு முறை வாங்கினார்கள். ஸ்கிரிப்டை எழுதியவர் பராமரிப்பதை நிறுத்திவிட்டுப் போன பிறகும் அது விற்பனைப் பட்டியலில் அதே விலைக்கு இருந்தது. உரிமம் கணினியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்ததால், லோயாட் பிளாசா கணினிக் கடைத்தொகுதியில் தாய்ப்பலகையை மாற்றி வந்த பிறகு, கட்டிய உரிமமே செல்லாது என்றார்கள். எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் தந்தது வேறொன்று: விளையாட்டில் எந்த மாற்றமும் இல்லாத நாளிலும், அவர்களுடைய உள்நுழைவுச் சேவையகம் விழுந்தால் என் கணினியில் இருக்கும் மென்பொருள் திறக்கவே மறுத்தது. அவர்களுடைய டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் இதைப் பணிவாகக் கேட்டவர்களின் வாயும் அடைக்கப்பட்டது. வேலை செய்யாததை மன்னிக்கலாம். கேட்பவரைத் தண்டிப்பதை மன்னிக்க முடியாது.

இங்கே சட்டத்தின் துணையும் சொற்பமே. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் முகவரியும் உண்மைப் பெயரும் காட்டாமல், கிரிப்டோ நாணயத்தில் பணம் வாங்கும் வெளிநாட்டு விற்பனையாளருக்கு எந்தக் கதவைத் தட்டி அழைப்பாணை கொடுப்பது? நன்றாக நடத்தப்பட்ட தளங்களுக்கும் ஆயுள் நிச்சயமில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்கான கிளைடர் என்ற தானியங்கி, அந்த விளையாட்டின் நிறுவனமான பிளிசார்டு தொடுத்த வழக்கில் வந்த நீதிமன்றத் தடையால் 2009 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதே விளையாட்டுக்கான ஹானர்பட்டி தானியங்கியை விற்ற ஜெர்மனியின் பாஸ்லேண்டு நிறுவனம் பிளிசார்டுக்குச் சுமார் 85 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2017-இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்ட காலச் சந்தா வாங்கத் துடிப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திறமூல மென்பொருளில் எனக்குப் பிடித்தது ஓப்பன்கோர். ரக்னராக் ஆன்லைனுக்காகப் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. விளையாட்டுத் திரையே இல்லாமல் சேவையகத்தோடு நேரடியாகப் பேசும் என்பதால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். அமைப்புகள் அனைத்தும் சாதாரண உரைக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் திருத்தப் பொறுமை வேண்டும், ஆங்கில விளக்கங்களோடு மல்லுக்கட்டவும் வேண்டும். தானியங்கிகளைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏமாற்றுத் தடுப்பு வலுவாக உள்ள சேவையகங்களில் அது நுழையவே முடியாமலும் போகலாம். ரூன்ஸ்கேப் பக்கம் சிம்பா என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. அது உள்ளே நுழையாமல் திரையின் நிறங்களைப் பார்த்தே முடிவெடுப்பதால் புதன்கிழமைப் புதுப்பிப்புகள் பெரும்பாலும் அதைப் பாதிப்பதில்லை. ஆனால் துல்லியமும் வேகமும் குறைவு. இவற்றில் யாரும் நமக்குக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் நிரல் கடைசியாக என்று திருத்தப்பட்டது, எந்தக் குறை தீராமல் கிடக்கிறது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு வாங்கிய தளம் மறைத்த அதே செய்தியை, காசு வாங்காதவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆட்டோஹாட்கீ 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸில் மட்டும் இயங்கும். குறிப்பிட்ட நிறத்தையோ படத்தையோ திரையில் தேடி அங்கே சொடுக்கும் அளவுக்கு அதில் யாரும் சில மாலைகளில் எழுதக் கற்றுக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டதால், பழைய ஸ்கிரிப்டுகளை அப்படியே எடுத்து ஓட்ட முடியாது. மடிக்கணினியில் திரையில் தெரிபவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு 125 விழுக்காடாக இருந்தால் சொடுக்கும் இடம் தவறிப்போவதும் உண்டு. நீண்ட பயணம், சிக்கலான சண்டை ஆகியவற்றுக்கு இது போதாது. ஆனால் விளையாட்டின் கடவுச்சொல்லை அன்னியரின் மென்பொருளில் சேமிக்க வேண்டியதில்லை, வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும் அறிவுரைக்கும் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

விதியை மீறவே விரும்பாதவர்களுக்கு ரக்னராக் எம் போன்ற கைப்பேசி விளையாட்டுகளில் தானாகச் சண்டையிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம்.

எளிய, திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு ஆட்டோஹாட்கீயையே நான் தேர்ந்தெடுப்பேன். ரக்னராக்கின் பழைய பாணிச் சேவையகங்களில் விளையாடி, கோப்புகளைத் திருத்த அஞ்சாதவர்களுக்கு ஓப்பன்கோர் பொருந்தும். இரண்டும் போதாமல் சந்தாத் தளத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், ஒரு மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன் ஒரு புதன்கிழமை இரவு அவர்களுடைய அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, அன்றைய தேதியில் ஏதேனும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறுத்த நாள்களுக்கு ஈடு தருவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராத தளத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.