தே ஜாங்கும்: பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அரண்மனைத் தொடர்

கொரியச் சரித்திரத் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் இன்னமும் ‘தே ஜாங்கும்’ பெயரைத்தான் சொல்கிறேன். 2003 செப்டம்பரில் கொரியாவின் எம்பிசி சேனலில் தொடங்கி 2004 மார்ச்சில் முடிந்தது. 54 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு வந்த தொடர்கள் உடையிலும் ஒளிப்பதிவிலும் சண்டையிலும் எங்கேயோ போய்விட்டன. ஆனாலும் வீட்டில் கை வேலையாக இருக்கும்போது நான் ஓடவிடுவது இதைத்தான்.

கதை 16ஆம் நூற்றாண்டு ஜோசன் அரசில் (கொரியாவின் பழைய முடியரசு) நடக்கிறது. அனாதைச் சிறுமி ஜாங்கும் அரண்மனைச் சமையற்கட்டில் சேர்கிறாள். சூழ்ச்சியில் மாட்டி ஜேஜு தீவுக்குத் துரத்தப்படுகிறாள். அங்கே வைத்தியம் கற்றுத் திரும்பி வந்து, மன்னர் ஜுங்ஜோங்குக்கே மருத்துவராகிறாள்.

முதல் இரண்டு எபிசோடுக்குப் பொறுமை வேண்டும். பதவி பறிக்கப்பட்ட ராணிக்கு 1482இல் விஷம் கொடுப்பது, அதைக் கொண்டுபோன காவல் அதிகாரிக்கு ஒரு சாமியார் சொல்லும் குறி, சமையற்கட்டில் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்ப்பது என்று சரமாரியாக வந்து விழும். யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். குட்டி ஜாங்குமாக ஜோ ஜங்உன் வந்ததும் தொடர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

நான் திரும்பத் திரும்பப் போவது அந்தச் சிறுமியின் பயிற்சிக் காலத்துக்குத்தான். ஹான் சாங்குங் (சாங்குங் என்பது அரண்மனைப் பெண்களில் மூத்த பதவி) அவளிடம் முதலில் கேட்பது ஒரு கிண்ணம் தண்ணீர். கொண்டுவந்து வைக்கிறாள். ‘மறுபடி கொண்டு வா.’ மறுநாளும் அதே பதில். எதனால் என்று சொல்வதே இல்லை. கடைசியில் ஒருநாள் அந்தக் குழந்தை தண்ணீர் எடுக்கப் போகாமல் கேள்வி கேட்கிறது: வயிறு வலிக்கிறதா, இன்றைக்கு வெளிக்குப் போனீர்களா, தொண்டை கரகரப்பாக இருக்கிறதா? கேட்டுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி உப்புப் போட்டு, மடமடவென்று குடிக்காமல் மெல்லக் குடியுங்கள் என்று நீட்டுகிறது. தண்ணீர் தருவதற்கு முன்னால் அவள் அம்மா அப்படிக் கேட்பாளாம். பின்னால் வரப்போகும் மருத்துவர் முழுதாக அந்தக் காட்சியில் இருக்கிறாள். முதல் தடவை இது கண்ணில் படாது. கதை தெரிந்த பிறகு பார்த்தால்தான் தெரியும்.

இருட்டில் உட்கார்ந்து பைன் கொட்டையில் பைன் ஊசியிலையைக் கோத்துப் பழகும் பெண்கள், சமைத்த இறைச்சியின் இனிப்பு எதிலிருந்து வந்தது என்று கேட்டதும் கனிந்த சீமைப் பனிச்சை (பெர்சிமன் பழம்) என்று பட்டென்று சொல்லும் ஜாங்கும் என்று இந்தப் பகுதி முழுக்கக் கைத்தொழில்தான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அவளுக்குக் கோபமே வந்துவிடும்: வாயில் வைத்தால் அந்தப் பழ ருசி வந்தது, சொன்னேன், வேறென்ன காரணம் வேண்டும்? சமையல் காட்சிகள் இவ்வளவு நம்பும்படி இருப்பதற்குக் காரணம், அரச சமையல் மரபில் வந்த ஹான் போக்ரியோ அதற்கு ஆலோசகராக இருந்தது. அவருடைய தாயார் ஹுவாங் ஹேசங், ஜோசன் அரண்மனையின் கடைசிச் சமையல் சாங்குங்கிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர்.

சீனாவின் மிங் அரசுத் தூதருக்கு விருந்து வைக்கும் பகுதியும் அப்படித்தான். அவருக்கு நீரிழிவு. ஹான் சாங்குங் ஆடம்பரத்தை ஒதுக்கிவிட்டுப் பத்தியமாகச் சமைத்து வைக்க, மனிதர் எரிந்து விழுகிறார். சர்க்கரை உள்ள பெரியவருக்குக் கல்யாண வீட்டில் இலை போட்டவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். எதிர்க்கட்சியான சோய் குலம் வைக்கும் மன்ஹான் என்ற சீனப் பெருவிருந்து மட்டும் இடிக்கிறது. அது மிங்குக்குப் பிறகு வந்த சிங் வம்சத்தோடு சேர்ந்த விஷயம். கதை நடக்கும் காலத்துக்கு மிகவும் பிந்தியது.

சரித்திரம் என்று நம்பி உட்காருபவர்கள் இதையும் தெரிந்துகொள்ளலாம். நிஜ ஜாங்கும் பற்றி அரச நாட்குறிப்பில் இருப்பது அங்கங்கே சில வரிகள். 1515இல் ராணி பிள்ளை பெற்று இறந்தபோது ஜாங்குமைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள், மன்னர் இணங்கவில்லை. 1544இல், என் நோய் அந்தப் பெண் மருத்துவருக்குத் தெரியும் என்று மன்னரே சொன்னதாக இருக்கிறது. அவள் சமைத்ததாக ஒரு வரி கிடையாது. அரண்மனையின் பெரிய விருந்துகளைச் சமைத்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். ஆக, எனக்குப் பிடித்த பாதி முழுக்கக் கற்பனை. இயக்குநர் லீ பியங்ஹூனும் எழுத்தாளர் கிம் யங்ஹியனும் அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

குறை நடுப்பகுதியில் இருக்கிறது. ஹான் சாங்குங் கிட்டத்தட்டச் சரிபாதியில் இறந்துபோகிறார். நாடு கடத்தப்படும் வழியில், ஜாங்குமின் முதுகிலேயே உயிர் போகிறது. யாங் மிக்யங் அந்த வேடத்தில் குரலை உயர்த்தியதே அபூர்வம். அவர் போனதும் தொடரின் ஈரம் குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே சுற்று: அரச குடும்பத்தில் யாருக்காவது நோய், பழி ஜாங்கும் மேல், கடைசி நேரத்தில் உண்மை வெளிப்பாடு. பழைய காட்சிகளை வேறு அடிக்கடி திரும்பப் போடுவார்கள். காதலன் மின் ஜோங்ஹோ நல்லவர், நல்லவர், மிகவும் நல்லவர். அவ்வளவுதான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும்.

அந்தப் பாதியிலும் என்னைப் பிடித்து வைத்திருப்பவள் கும்யங். சோய் குலத்துப் பெண். ஜாங்குமுக்குச் சமமான கை அவளுக்கு. ஆனால் அவளுக்கு வாய்த்த ஆசிரியர் அத்தைதான். சமையலோடு சேர்த்துக் குடும்பத்தின் சூதையும் கற்றுக்கொடுத்துவிடுகிறார். அந்த வேடத்தில் வரும் ஹோங் ரினா ஒவ்வொரு துரோகத்துக்கு முன்னாலும் ஒரு கணம் தயங்குவார். ஒரு எபிசோடில் அந்தத் தயக்கம் கண்ணில் இருக்கும், இன்னொன்றில் பாத்திரத்தை எடுக்கும் விரலில் மட்டும் இருக்கும். ஜாங்கும் ஜெயிப்பாள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இவள் எந்த இடத்தில் நின்றிருக்கலாம் என்று பார்ப்பதில்தான் எனக்கு இப்போது சுவாரசியம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: ஹான் சாங்குங் உயிரோடு இருக்கும் வரை ஒரு காட்சியையும் தாண்டி ஓட்ட வேண்டாம். ஜேஜுவில் ஜாங்டோக்கிடம் மருத்துவம் கற்கும் பகுதியும் நன்றாக இருக்கும். அரண்மனைக்குத் திரும்பிய பிறகு வரும் விசாரணைகளைத் தாராளமாக ஓட்டிவிடலாம். மன்னரின் வயிற்றைக் கத்தியால் திறக்கலாமா கூடாதா என்று சபையே கொந்தளிக்கும் கடைசி எபிசோடுகளில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே தொடருக்குப் பழைய கை திரும்பிவிடுகிறது.