ஃபிளைட் ஃபாலோயிங்: அழைப்புக்குக் கட்டணம் இல்லாத சேவை

அமெரிக்காவின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வழங்கும் ‘ஃபிளைட் ஃபாலோயிங்’ சேவையை, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பறக்கும் தனியார் விமானியாகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்தே பறப்பவர் தம் இடத்தையும் உயரத்தையும் போகும் ஊரையும் வானொலியில் சொன்னால், தரையிலிருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் நான்கு இலக்க எண் ஒன்றைத் தருவார். அதை, ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான ட்ரான்ஸ்பாண்டரில் பதித்ததும் தம் ரேடார் திரையில் நம்மை அடையாளம் கண்டு, அருகில் வரும் விமானங்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டே வருவார்.

இதைத் தனியார்மயமாக்கிக் கட்டணம் வாங்கலாம் என்ற பேச்சு உண்டு. இப்போது இதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றாலும் இதை இலவசம் என்று சொல்ல முடியாது. சிறு விமானங்களுக்கான ஏவ்கேஸ் எரிபொருளில், இந்த அமைப்புக்குப் பணம் தரும் கூட்டாட்சி வரி கேலனுக்கு 19.4 சென்ட் இருக்கிறது. மணிக்கு ஒன்பது கேலன் எரித்தால் சுமார் 1.75 டாலர். பயணிகளின் டிக்கெட் வரியோடு ஒப்பிட்டால் எங்கள் பங்கு சிறியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் காட்டுத்தீப் புகை படர்ந்திருந்த ஒரு மாலை, 5,500 அடியில் தென்கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கம் மூன்று மைலில், அதே உயரத்தில் ஒரு விமானம் வருவதாகக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் என் கண்ணில் படவில்லை என்றதும், வலப்புறம் இருபது பாகை திரும்பும்படி யோசனை சொன்னார். சற்று நேரத்தில் வெள்ளை இறக்கை ஒன்று புகையிலிருந்து வெளிப்பட்டு, வலமிருந்து இடமாக என் முன்னால் கடந்து போனது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு விலை இருந்திருந்தால், இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று எண்ணி அன்று நான் அழைக்காமலே இருந்திருப்பேன்.

குறையும் உண்டு. கட்டுப்பாட்டாளருக்கு வேலைப்பளு இருந்தால் இந்தச் சேவையை மறுக்கலாம் என்பதே விதி. நெரிசலான ஒரு நகரத்தின் அருகே, மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், இருமுறை எனக்கு மறுத்திருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறைக்கும் பழைய கருவிகளுக்கும் தனியார்மயமே மருந்து என்பவர்கள் கனடாவைக் காட்டுகிறார்கள். அங்கே 1996-இல் நாவ் கனடா என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் 150 கோடி கனடிய டாலருக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பை அரசிடமிருந்து வாங்கிக்கொண்டது. சிறு விமானங்களிடம் அது அழைப்புக்கு அழைப்பு பணம் கேட்பதில்லை. ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது, சில பெரிய நிலையங்களில் நாள் கட்டணமும் உண்டு. ஐரோப்பாவிலும் இரண்டு டன்னுக்குக் குறைந்த விமானங்களுக்கு யூரோகன்ட்ரோல் வழித்தடக் கட்டணம் இல்லை. ஆகவே, கட்டணம் வந்தால் சிறு விமானங்களே அழிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

என் கவலை, அந்த விலக்கு யார் கையில் இருக்கிறது என்பதே. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர் பில் ஷூஸ்டர் 2017-இல் கொண்டுவந்த, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை எஃப்.ஏ.ஏ.விடமிருந்து ஒரு தனிக் கழகத்துக்கு மாற்றும் மசோதாவும் சிறு விமானங்களுக்கு விலக்கு அளித்தது; ஆனால் பெரும்பணம் கட்டும் விமான நிறுவனங்களின் குரல் ஓங்கும் நிர்வாகக் குழுவில் அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதே எங்கள் ஐயமாக இருந்தது. 2018 பிப்ரவரியில் அவரே அதைக் கைவிட்டார். அந்த ஐயம் வீண் அல்ல. பாதுகாப்புக்கென்று சொல்லி, கட்டுப்பாட்டு வான்வெளியின் பெரும்பகுதியில் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட, விமானம் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி கருவியைச் சிறு விமான உரிமையாளர்கள் சொந்தச் செலவில் பொருத்தினார்கள். அதன் சமிக்ஞையைக் கொண்டே இன்று சில விமான நிலையங்கள் தரையிறங்கு கட்டண ரசீது அனுப்புகின்றன.

அந்த எரிபொருள் வரி 1990-களிலிருந்து உயரவில்லை. கட்டுப்பாட்டாளர்களைக் கூடுதலாக நியமிக்க அதை உயர்த்தினால், கேலனுக்கு இன்னும் சில சென்ட் தர நான் தயார்.