மூன்று வருடமாக லினோலெயிக் அமில எமல்ஷன் கலக்கிய அனுபவம்

லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா (2020-ல் பேரினப் பெயர் லாக்டிபிளான்டிபேசில்லஸ் என்று மாறிவிட்டது, எங்கள் லேபில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது) லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை சிஎல்ஏ-வாக (அதன் இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறிய வடிவமாக) மாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு அந்த அமிலத்தை பாக்டீரியா வளரும் எம்ஆர்எஸ் பிராத் என்ற ஊட்டக் கரைசலுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் அது எண்ணெய், தண்ணீரோடு சேராது, சிறு துளிகளாகப் பரவிய எமல்ஷனாகத்தான் கலக்க வேண்டும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரியில் வைத்தால் இரட்டைப் பிணைப்புகள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பாழாகும். வைக்காவிட்டால் ஸ்டெரைல் ஆகாது.

முதல் வருடம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் லினோலெயிக் அமிலம், எண்ணெயைத் தண்ணீரில் பரவ வைக்கும் ட்வீன் 80 2 சதவீதம், நன்றாக வோர்டெக்ஸ் (சுழற்றிக் குலுக்குவது), அப்புறம் 0.45 மைக்ரான் ஃபில்டர். கட்டைவிரலால் சிரிஞ்சை அழுத்தும்போதே தெரியும்: முதல் இரண்டு மில்லி சுலபமாகப் போகும், அப்புறம் கை வலிக்கும், மேலே பால் மாதிரி இருந்தது கீழே மோர் மாதிரி நீர்த்துச் சொட்டும். கொழுப்பின் பெரிய துளிகள் ஃபில்டரிலேயே தங்கிவிடுகின்றன என்று அர்த்தம். கொழுப்பு அமிலத்தை அளக்கும் ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி) கருவியில் ஓட்டிப் பார்த்தேன். ஃபில்டருக்கு முன்னால் இருந்த அளவு பின்னால் இல்லை, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு குறைந்தது. 0.22-க்குப் போனால் அடைப்பு இன்னும் மோசம். 0.45-ல் நின்றால் சிறிய பாக்டீரியா தப்பிவிடாது என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு வருட டேட்டாவில் பாதியை நானே நம்பாமல் ஒதுக்கி வைத்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் இப்போது கலந்த பிறகு வடிகட்டுவதே இல்லை. தனித்தனியாக ஸ்டெரைல் செய்து, கடைசியில் கலக்குகிறேன். 2 சதவீத ட்வீன் கரைசலை ஆட்டோகிளேவ் செய்கிறேன். சூட்டில் அது கலங்கித்தான் வெளியே வரும், பயப்பட வேண்டாம், ஆறியதும் கலக்கிவிட்டால் தெளியும். முழுக்க ஆறும்வரை பொறுத்திருங்கள். லினோலெயிக் அமிலத்தை அப்படியே, தண்ணீர் சேர்க்காமல், 0.22 பிடிஎஃப்இ ஃபில்டர் வழியாக ஸ்டெரைல் கண்ணாடி வயலில் இறக்குகிறேன். இந்த ஃபில்டர் எண்ணெயை விடும், தண்ணீரைத்தான் விடாது. கொஞ்சம் அமிலம் ஃபில்டருக்குள்ளேயே தங்கிவிடும், அதனால் வயலை மூடியோடு முன்னும் பின்னும் எடை போடுகிறேன், வித்தியாசம்தான் உண்மையான அளவு. அதற்குத் தகுந்தபடி ட்வீன் கரைசலைச் சேர்த்து, வயலை மூடி, ஒலி அதிர்வால் துளிகளை உடைக்கும் பாத் சோனிகேட்டரில், ஐஸ் தண்ணீர் போட்டு, வைக்கிறேன். மூடி திறக்காததால் ஸ்டெரைலும் கெடாது. பிளாஸ்டிக் ட்யூப் வேண்டாம், கொழுப்பு சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமாக நினைப்பது கன்ட்ரோலைத்தான். ட்வீன் 80 என்பதே ஓலெயிக் அமிலத்திலிருந்து செய்தது, எம்ஆர்எஸ்-ல் ஏற்கெனவே லிட்டருக்கு 1 கிராம் இருக்கிறது. ஸ்டாக்கிலிருந்து (மில்லிக்கு 30 மில்லிகிராம் உள்ள எமல்ஷனிலிருந்து) மில்லிக்கு 0.5 மில்லிகிராம் கிடைக்கும்படி 60 மடங்கு நீர்த்தால், கூடுதலாக 0.033 சதவீத ட்வீன் உள்ளே போகிறது. அதே அளவு ட்வீன் மட்டும் சேர்த்த ட்யூப் ஒன்று இல்லாமல், வளர்ச்சி கூடியதோ குறைந்ததோ லினோலெயிக் அமிலத்தால்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. எமல்ஷனே கலங்கலாக இருப்பதால் 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை வைத்து வளர்ச்சியை அளக்கும் ஓடி-யையும் (ஆப்டிகல் டென்சிட்டி) நம்பாதீர்கள், போகப் போக துளிகள் மேலே மிதந்து அளவு இறங்கும், அது பாக்டீரியா செத்ததுபோலத் தெரியும். ஒருமுறை அப்படித்தான் முழுக் குரோத் கர்வும் சரிந்தது. பிளேட்டில் காலனி எண்ணினால் எண்ணிக்கை குறையவே இல்லை. அதற்காக அமிலம் தீங்கற்றது என்றில்லை, சில ஸ்ட்ரெயின்கள் குறைந்த அளவிலேயே திணறும். புது ஸ்ட்ரெயின் வந்தால் மில்லிக்கு 0.1 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுகிறேன்.

சேமிப்பு: ஒரே பாட்டிலில் வைத்து அடிக்கடி திறப்பதை விட்டுவிட்டேன். ஒரு சோதனைக்கு ஒரு சின்ன வயல், ஸ்டெரைல் ஃபில்டர் வழியாக நைட்ரஜன் ஊதி, மூடி, ஃபாயில் சுற்றி மைனஸ் 20-ல். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு வயலைப் பிளேட்டில் சொட்டிவைத்து இரண்டு நாள் 37 டிகிரியில் பார்க்கிறேன். மிச்சமான வயலை முகர்ந்தும் பார்ப்பேன். பழைய நல்லெண்ணெய்ச் சட்டியில் வரும் அந்தக் காறல் வாடை லேசாக அடித்தாலும் அந்த பேட்ச் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குகிறேன், ஒரு காலை நேரம் போகும், அவ்வளவுதான்.