18 மாதப் பயிற்சி: பாகிஸ்தான் மருத்துவச்சியும் இலங்கை மருத்துவமாதுவும்

பாகிஸ்தானின் சமூக மருத்துவச்சிக்கும் இலங்கையின் குடும்பநல மருத்துவமாதுவுக்கும் (அங்கே மருத்துவச்சிக்கு அதுதான் பெயர்) பயிற்சிக் காலம் ஒன்றாகவே வகுக்கப்பட்டது, 18 மாதம். ஆனால் பயிற்சி முடிந்த பிறகு இருவரும் படும் பாட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே தொழில்தானா என்று சந்தேகம் வரும்.

பாகிஸ்தானில் 2006-ஐ ஒட்டித் தொடங்கிய தாய்சேய் நலத் திட்டம் 12,000 பேரை உருவாக்க நினைத்தது. பத்தாவது முடித்த கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து அவரவர் ஊருக்கே அனுப்புவது ஏற்பாடு. அங்கே சொந்த வீட்டிலேயே பிரசவ அறை அமைத்து, கட்டணம் வாங்கிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அரசு தந்தது சிறு உதவித்தொகைதான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி மருத்துவமனையில் மற்ற மாணவிகளோடு போட்டி போட்டதில் பலருக்குத் தாமே பிரசவம் பார்க்கும் வாய்ப்பு போதுமான அளவு கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினால், அனுபவமில்லாத இளம்பெண்ணை நம்பி யார் வருவார்கள்? கைராசிக்காரர் என்று பேரெடுத்த வயதான நாட்டு மருத்துவச்சி பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். கையில் காசு இருப்பவர்கள் தனியார் கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரியில் தனியாகப் போக வீட்டிலும் விடமாட்டார்கள். பிரசவம் வராவிட்டால் வருமானம் இல்லை, கற்றதும் கைவிட்டுப் போய்விடும்.

இலங்கையில் பயிற்சியில் ஏறக்குறைய ஓராண்டு தாதியர் கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் போகும், மீதி ஆறு மாதம் களத்தில். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான், அதாவது ஒரு பகுதி மக்களின் நலத்தை ஓர் அதிகாரியின் கீழ் ஒரு குழு கவனிக்கும் ஏற்பாடுதான், இன்றும் மருத்துவமாதுவின் வேலைக்கு அடித்தளம். அரசு வேலை, மாதச் சம்பளம், சுமார் 3,000 முதல் 5,000 பேர் வாழும் ஒரு பகுதி. புதுமணத் தம்பதியைப் பதிவேட்டில் எழுதுவது முதல் கர்ப்பிணி கிளினிக், பிள்ளையின் நிறை பார்ப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. மேலே மேற்பார்வை மருத்துவமாது, அவருக்கு மேல் சுகாதார வைத்திய அதிகாரி. சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் உண்டு, வேலையில் குறை வைத்தால் கண்டிக்கவும் ஆள் உண்டு.

சரி, அப்படியானால் இலங்கைப் பயிற்சிதான் உசத்தியா? அப்படிச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். இலங்கையில் பிரசவம் கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பத்திரியில் நடப்பதால், களத்தில் இருக்கும் மருத்துவமாது பிரசவம் பார்ப்பதே அபூர்வம். பாகிஸ்தான் பெண்ணிடம் எதிர்பார்க்கும் கடினமான வேலை இவரிடம் கேட்கப்படுவதே இல்லை. பாகிஸ்தானின் 2019 கணக்கெடுப்பில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 186. இலங்கையில் அதே காலத்தில் அது 30-ஐ ஒட்டித்தான் இருந்தது. இந்த வித்தியாசத்தை மருத்துவமாதுவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது, இலவச ஆஸ்பத்திரிக்கும் பெண் கல்விக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

இலங்கைப் பாடத்திட்டத்தை அப்படியே இடம் மாற்றினால் பாகிஸ்தானில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பது என் கணிப்பு. மாறாக, நாலைந்து மருத்துவச்சிகளைச் சம்பளத்தோடு ஒரே நிலையத்தில் முறை வைத்து அமர்த்தி, கூடவே அனுபவமுள்ள ஒருவரையும் வைத்தால், பிரசவங்கள் அவர்கள் கைக்கு வரும். இலங்கை முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பகுதியில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த பகுதி மருத்துவமாது இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது கிளினிக் எப்படியோ நடந்துவிடும், வீடு வீடாகப் போவதுதான் முதலில் குறையும்.