கரிக்கும் கல்லுக்கும் ஒரே வண்டி: பத்துச் சக்கர லேலண்ட் 2820

பதினாலு வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டினேன். தூத்துக்குடி துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் முன்னால் நிற்கிற லேலண்ட் 5525 ஹார்ஸையே (ட்ரெய்லரை இழுக்கிற முன்வண்டி) பார்த்துக்கொண்டிருப்பேன். சொந்த வண்டி என்று ஒன்று எடுத்தால் அதுதான் என்று மனசுக்குள் எழுதியே வைத்திருந்தேன். 2025 மார்ச்சில் காரைக்குடியில் என் வீட்டு வாசலுக்கு வந்தது பத்துச் சக்கர 2820. "ட்ரெய்லர் எடுக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னியே" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

வண்டியின் மாடல் எண்ணில் கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு எண் மொத்த எடை, டன்னில். பின் இரண்டோடு ஒரு சைபர் சேர்த்தால் குதிரைத் திறன். 5525 என்றால் 55 டன், 250 குதிரை. 2820 என்றால் 28 டன், 200 குதிரை. 55 டன்னுக்கு ஓட்ட வேண்டுமானால் ஹார்ஸில் பத்து டயர், ட்ரெய்லரில் பன்னிரண்டு, ஆக 22 டயர். ஆசைப்படும்போது டயரை எண்ணத் தோன்றுவதில்லை. டியூ கட்டுகிற அன்றைக்குத் தோன்றும்.

ஆனால் என் மனசை மாற்றியது டயர் இல்லை. நமக்கு லோடு எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிற சிமெண்டுக் கல்), சீமைக்கருவேலங்கரி, எப்போதாவது முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பழைய வீட்டுத் தூண், நிலைக்கதவு. திரும்பும்போது அரியலூர் சிமெண்ட், இல்லாவிட்டால் கம்பி. இதில் எதற்கும் ஹார்ஸ் தேவையில்லை. ஆத்தங்குடிப் பட்டறைக்குள் ட்ரெய்லரைப் பின்னால் விட்டு நிறுத்திக் காட்டுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன்.

கல்லும் கரியும் இரண்டு துருவம். பட்டறையில் கல்லைப் படுக்க வைத்து ஏற்ற மாட்டார்கள். செங்குத்தாக நிறுத்தி, இடையில் வைக்கோல் திணித்து, வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். முழங்கால் உயரம் வந்ததும் லோடுமேன் அண்ணன் "போதும் தம்பி" என்பார். பாடி முக்கால்வாசி காலியாகக் கிடக்கும், எடை மேடையில் ஏற்றினால் சரியாக முட்டி நிற்கும். கரி நேர் எதிர். மூட்டைக்கு மேல் மூட்டை அடுக்கி, தார்ப்பாய் கட்டி, வண்டி மலை மாதிரி நிற்கும், எடை வராது. கல்லுக்கு வேண்டியது உறுதி, கரிக்கு வேண்டியது நீளம், உயரம். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் பத்துச் சக்கரத்தில் 22 அடி பாடிதான் எனக்குச் சரியாக வந்தது. கம்பிக்கும் அந்த நீளம் தோது. 12 மீட்டர் கம்பியை மடித்துத்தானே ஏற்றுகிறார்கள்.

2018-இல் அச்சு எடை வரம்பைக் கூட்டியபோது மூன்று அச்சு வண்டிக்கு, அதாவது பத்துச் சக்கரத்துக்கு, 25 டன் என்பது 28.5 ஆனது. காலி வண்டி பாடியோடு ஒன்பது டன்னைத் தாண்டிவிடும். மிச்சம்தான் நம்முடைய சோறு. பன்னிரண்டு சக்கரம் எடுத்தால் இன்னும் ஐந்தாறு டன் கூடுதலாக ஏற்றலாம் என்று ஒரு நண்பர் நச்சரித்தார். கிடைக்கிற நாளில் லாபம்தான். பட்டறைக்காரர் 18 டன்தான் அனுப்புகிறார் என்றால் அந்த ஐந்தாறு டன் இடத்துக்கும் சேர்த்து டீசலும் டோலும் நான்தானே கொடுக்க வேண்டும்?

பார்த்த மற்ற வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். பாரத்பென்ஸ் 2823 ஓட்டிப் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்ததும் இறங்க மனசு வரவில்லை, சத்தமும் குறைவு. கையில் இருந்த முன்பணம் அதற்கு எட்டவில்லை. டாடா 2818 நல்ல வண்டி, 180 குதிரை. சமவெளியிலேயே ஓடுகிறவர்களுக்கு அது போதும். நான் மாதம் இரண்டு நடை பெங்களூருக்குக் கல் கொண்டுபோகிறேன். தொப்பூர் ஏற்றத்தில் அந்த 20 குதிரை வித்தியாசம் காலுக்குத் தெரிகிறது. (டாரஸ் என்பது லேலண்ட் மாடல் ஒன்றின் பெயர். எங்கள் பக்கம் பத்துச் சக்கரம் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் டாரஸ்தான். டாடா வைத்திருப்பவரிடமே "உங்க டாரஸ் எங்க நிக்குது" என்று கேட்பார்கள்.)

லேலண்ட் எடுத்ததில் கொஞ்சம் பழக்கதோஷமும் உண்டு. 1948-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, அப்பா லேலண்ட் காமெட் லாரி ஓட்டியவர். ராத்திரி பத்து மணிக்கு எந்த ஊரில் நின்றாலும் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கிடைப்பார் என்கிற தைரியம் இருக்கிறது.

இந்தப் பத்து மாதத்தில் மைலேஜ், டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்த கணக்கு: லிட்டருக்கு லோடோடு 4 கிலோமீட்டர், காலியாக 5.5. தொப்பூரில் திரும்பி இறங்கும்போது மூன்றாவது கியரில் போட்டு எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைபோக்கியை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) பிடித்தால் கால் பிரேக்கை அதிகம் தொட வேண்டியதில்லை. அங்கே நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கிளட்ச் லேசு. பின்னால் இரண்டு அச்சு என்பதால் இறுக்கித் திருப்பினால் டயர் தேயும். எந்தப் பத்துச் சக்கரத்துக்கும் உள்ளதுதான், கொஞ்சம் அகலமாக எடுத்துத் திருப்பப் பழக வேண்டும்.

பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றாலே பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயம் எனக்கும் இருந்தது. முன்பு ஓட்டிய முதலாளி வண்டி ஒன்று (எந்தக் கம்பெனி என்று வேண்டாம்) மணப்பாறை தாண்டி டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவையே இல்லாமல் போய், சர்வீஸ் வண்டி வரும்வரை ஒரு பகல் முழுக்கப் புளியமரத்தடியில் கிடந்தேன். அதிலிருந்து ஒரு விஷயத்தில் கறார்: ஆட்புளூ (புகையைச் சுத்தம் பண்ண வண்டியில் ஊற்றுகிற யூரியாத் தண்ணீர்) தெரியாத கடையில் வாங்குவதில்லை, ரோட்டோர கேன் பக்கமே போவதில்லை. இதுவரை அந்த விளக்கைப் பார்க்கவில்லை.

அவசரப்பட்டது ஒன்றே ஒன்று, ஏசி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கெல்லாம் கேபின் ஏசி கட்டாயம். நான் ஏழு மாதம் முந்திவிட்டேன். சித்திரை வெயிலில் திருவாடானைப் பக்கம் கரி ஏற்றக் காத்திருந்தபோது இந்த அவசரத்தை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

பாடி நாமக்கல்லில் போட்டது. பட்டறை பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான், ஆனால் பின்கதவுக் கொண்டி இரண்டாவது மாதமே தளர்ந்துவிட்டது. அதைக்கூட வெல்டிங் வைத்துச் சரிபண்ணிவிட்டேன். தளம்தான் பெரிய பாடு. செலவு குறையும் என்று மரப்பலகையாகவே விட்டுவிடச் சொன்னது நான். பலகை இடுக்கில் கரித்தூள் இறங்கிவிட்டால் எவ்வளவு கூட்டினாலும் போகாது. ஐப்பசியில் கரி இறக்கிவிட்டு நேராக ஆத்தங்குடி போனேன். மேஸ்திரி ஏறிப் பார்த்தார், விரலால் ஒரு இடுக்கைத் தடவினார், விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னைக்கு வெள்ளைக் கல்லு தம்பி. இது சிமெண்டுக் கல்லு, தண்ணியோட சேர்ந்து கரியைக் குடிச்சிரும். கழுவிட்டு வாங்க."

கழுவி, காய்ந்து, மறுநாள் மதியம்தான் லோடு ஏறியது. ஒரு நாள் வாடகை போச்சு. அப்போதிருந்து கரி ஏற்றுமுன் தளம் முழுக்கப் பழைய தார்ப்பாயை விரித்துவிடுகிறேன். இன்னொன்றும் பழகிக்கொண்டேன்: ஏற்றும்போதே மூட்டைகளில் கை வைத்துப் பார்ப்பேன். சூளையிலிருந்து எடுத்து ஆறாத கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், வழியில் காற்றுப் பட்டால் பிடித்துக்கொள்ளும். கை வெதுவெதுப்பாக உணர்ந்தால் அந்த மூட்டை ஏறாது, கரிக்காரர் என்ன சொன்னாலும் சரி.

பத்துச் சக்கரம் எடுப்பவர்கள் பாடிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் தளத்துக்கு இரும்புத் தகடு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு முதல் எஃப்சி (தகுதிச் சான்று) 2027 மார்ச்சில். அதற்கு முன்னால் பலகையைப் பிரித்துத் தகடு அடிக்கப் போகிறேன். பிரிக்கிற பலகையைக் கேட்டு பக்கத்து வீட்டு ஆச்சி இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள், மாட்டுக் கொட்டகைக்காம்.