பிரசவ அறைக்கு எந்தப் பூச்சு? சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல்: ஓர் அலசல்

எங்கள் வீட்டில் குழந்தைக்கென்று தனி அறை கிடையாது. பிரசவத்துக்கு வரும் தங்கை படுக்கப்போகிற அறைதான் குழந்தைக்கும். தூளி கட்டுகிற கொக்கியும் அங்கேதான் இருக்கிறது. தாத்தா காலத்து அறை. இடுப்பளவுக்குக் கரும்பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கு மேலே எப்போதோ அடித்த ரோஸ் டிஸ்டெம்பர், அது உதிர்ந்த இடங்களில் அடியில் இருக்கும் சுண்ணாம்பு. ஐந்தாம் மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கியவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதுகெல்லாம் ரோஸ் பவுடர். "வளைகாப்புக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுண்ணா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

பெயிண்டர் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு ரெண்டு கோட் பட்டி பார்த்துடலாம் தம்பி, கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார். அம்மாவோ, மாசமாக இருக்கிற பெண் வரப்போகிற வீட்டில் சுவரைச் சுரண்டுவதா என்று ஒரே பிடியாக நின்றார். அம்மா சொன்னது சம்பிரதாயம். ஆனால் விசாரித்துப் பார்த்ததில் அம்மா பக்கம்தான் ஜெயித்தது.

எந்த பெயிண்ட் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது பழையதைச் சுரண்டுவதா, மூடுவதா என்பதை. புது பெயிண்டின் வாடை சில நாளில் போய்விடும். எனாமல் என்கிற பழைய ஆயில் பெயிண்டைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்புகிற தூசியில் ஈயம் இருக்கலாம். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் சேர்ப்பது சாதாரணம். சீக்கிரம் உலரவும் ஈய உப்புகளைக் கலந்தார்கள். தாயின் ரத்தத்தில் சேரும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். பாதுகாப்பான அளவு என்று சொல்ல ஈயத்துக்கு எந்த அளவும் கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கரும்பச்சை அதற்கெல்லாம் பல பத்தாண்டு மூத்தது.

ஆகவே, உரியாமல் கெட்டியாகப் பிடித்திருக்கிற பழைய எனாமலை அப்படியே வைத்து மேலே மூடுவதுதான் நல்லது. உரிந்து நிற்கிற துணுக்குகளை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு எடுக்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அப்படியே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். துடைப்பம் போட்டுப் பெருக்கவே கூடாது, ஈரத்துணிதான். இந்த வேலை நடக்கும்போது கர்ப்பிணி பக்கத்து அறையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

இனி பூச்சுகளுக்கு வருவோம்.

சுண்ணாம்பில் எனக்கு ஒரு பாசம் உண்டு, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பெட்ரோலிய வாடை அறவே இல்லை, பூஞ்சை எளிதில் பிடிக்காது, சுவர் மூச்சு விடும், விலையும் மலிவு. ஆனால் சாதுவான சரக்கு என்று நினைத்தால் தப்பு. கல் சுண்ணாம்பைத் தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். நீர்த்த பிறகும் கடும் காரம்தான். கண்ணில் ஒரு சொட்டு பட்டால் பார்வைக்கே ஆபத்து. எங்களுக்கு அது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வேறு: ஆயில் பெயிண்டின் மேலும் டிஸ்டெம்பரின் மேலும் சுண்ணாம்பு ஒட்டாது, ஒரே மாதத்தில் பொரிந்து உதிரும். ஆரம்பத்திலிருந்தே சுண்ணாம்பு மட்டுமே கண்ட சுவர் உங்களுடையது என்றால் வேறெதையும் யோசிக்காமல் அதையே அடியுங்கள்.

டிஸ்டெம்பர் தண்ணீரில் கலப்பது, வாடை குறைவு, கைக்கும் அடக்கம். பழைய பவுடர் டிஸ்டெம்பரின் கதையைத் தங்கையின் முதுகு சொல்லிவிட்டது. இப்போது வருகிற அக்ரிலிக் டிஸ்டெம்பர் அவ்வளவு உதிராது. ஆனாலும் சுவரில் சிந்திய பாலைத் துடைத்தால் பூச்சும் துணியோடு வரும். வாடகை வீடு, இரண்டு வருடத்தில் காலி செய்கிறோம் என்றால் தாராளமாக அடிக்கலாம்.

எனாமல் சுவருக்கு வேண்டவே வேண்டாம். அதைக் கரைக்க ஊற்றும் டர்பன்டைன், தின்னர்தான் தலையைச் சுற்ற வைக்கிறது. உலர்ந்த பிறகும் நாள்கணக்கில் ஆவி வந்துகொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஜன்னல் கம்பிக்கும் மரக்கதவுக்கும் வழக்கமாக எனாமல்தான் அடிக்கிறார்கள். பல் முளைக்கிற குழந்தை எழுந்து நின்று கடிப்பதும் அந்தக் கம்பியைத்தான். கம்பிக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால், புது டப்பாவில் ஈயம் பற்றிய வரியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், வீட்டில் கிடக்கிற பழைய டப்பாவைக் கிளறாதீர்கள். ஆள் குடிவருவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரில் கரையும் எனாமலும் கடையில் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

மிச்சம் இருப்பது எமல்ஷன், தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட். வாடை குறைந்த ரகம் என்று விற்பவற்றில் காற்றில் ஆவியாகிற கரிமச் சேர்மங்கள் குறைவு, டப்பாவில் வி.ஓ.சி. என்று போட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உட்சுவருக்கான பளபளப்பில்லாத பெயிண்டுக்கு லிட்டருக்கு 30 கிராம்தான் உச்சவரம்பு, ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல அளவுகோல். இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். வாடை இல்லை என்பதும் ஆவி இல்லை என்பதும் ஒன்றல்ல. வாசனை சேர்த்தும் வாடையை மறைக்கலாம். அப்புறம், கடையில் மெஷினில் கலக்கும் சாயத்திலும் கொஞ்சம் ஆவிப்பொருள் வரக்கூடும். அடர்ந்த நிறத்துக்குச் சாயம் அதிகம். வெளிர் நிறமே எடுத்துக்கொண்டால் இந்தக் கவலை பாதி குறையும். பிறந்த குழந்தைக்கு ஷேட் கார்டைப் பற்றி என்ன கவலை!

வால்பேப்பரையும் ஒருவர் சிபாரிசு செய்தார். எங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வினைல் தாளுக்குப் பின்னால் பூஞ்சை படரும், வெளியே தெரியவே தெரியாது. அதோடு விட்டுவிட்டேன்.

எதை எடுப்பது என்பதைவிட எப்போது அடிப்பது என்பதில்தான் நம் ஊர் வழக்கம் கைகொடுக்கிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை, இன்றைய வீட்டு பெயிண்டால் கருவுக்கு ஆபத்து மிகக் குறைவுதான் என்கிறது. இருந்தாலும் உறுப்புகள் உருவாகிற முதல் மூன்று மாதங்களில் பெயிண்ட் வேலையைத் தவிர்க்கச் சொல்கிறது. இது கர்ப்பிணியே பிரஷ் பிடிக்கிற ஊர்களுக்கான அறிவுரை. இங்கே தலைச்சன் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில், வளைகாப்பு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ. அப்படியானால் தாய்வீட்டு அறையை அதற்கு முன்பே, அவள் புருஷன் வீட்டில் இருக்கும்போதே அடித்துவிடலாம். புருஷன் வீட்டு அறையை அவள் இங்கே வந்த பிறகு அடிக்கலாம், குழந்தையோடு திரும்ப மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். வாடை போவதற்கு இதைவிட அவகாசம் எங்கே கிடைக்கும்? ஆனால் அடைமழைக் காலத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஜன்னலைச் சாத்தி வைத்தால் பெயிண்ட் உலராது, ஆவியும் வெளியேறாது.

தனிக்குடித்தனம், வேறு வழியில்லை, தானே அடிக்க வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நான்காம் மாதத்துக்குப் பிறகு எமல்ஷன் மட்டும் தொடலாம்: ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, அரைமணிக்கொருதரம் வெளியே வந்து. ஏணி மட்டும் கூடவே கூடாது. வயிறு முன்னே வந்த பிறகு உடம்பின் சமநிலையே மாறிவிடும். விட்டத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், பெயிண்ட் ஆவியைத் தடுக்காது.

எங்கள் அறையில் கடைசியில் நடந்தது இது. ரோஸ் டிஸ்டெம்பரை வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தோம், தூசியே இல்லை, வாளி வாளியாக ரோஸ் தண்ணீர்தான். பச்சையை சோடா உப்புக் கரைசலால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தோம். வழவழப்பான எனாமல் மேல் எமல்ஷன் நேரடியாக நிற்காது, நகத்தால் கீறினாலே தோல் மாதிரி உரியும். அதனால் எனாமலில் ஒட்டும் தண்ணீர் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், பிறகு வெளிர் மஞ்சள் எமல்ஷன் இரண்டு கோட். பட்டி பார்க்கவில்லை. அதனால் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பெயிண்டருக்கு இன்றுவரை மனக்குறை. "என் பேரைச் சொல்லிடாதீங்க தம்பி" என்றுதான் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்.

வளைகாப்புக்கு ஏழு வாரம் இருந்தது. அதுவரை இரவும் பகலும் ஜன்னலைத் திறந்தே வைத்தோம். இரண்டு அணில்கள் உள்ளே வந்து, சும்மா கிடந்த தூளிக் கொக்கியில் தேங்காய் நார் சுற்றிக் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. அம்மா அதைக் கலைக்க விடவில்லை. தூளிக்கு வேறொரு கொக்கி பார்க்க வேண்டும்.